அணைப்பதில் வல்லவர்

மனிதர்களில் அணைப்பவர் என்று ஓர் இனம் உண்டு. தப்பாக நினைத்துவிடாதீர்கள். இவர்கள் மனைவி மக்களை அணைப்பவர்கள் அல்லர்; விளக்கை அணைப்பவர்கள். நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்புவதற்குள் விசிறியை நிறுத்தி, விளக்கை அணைத்து, பாதி ஏறிய உங்கள் செல்போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு, பூனையும் பால் குடிக்குமா என்ற முகத்தோடு செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருப்பார்கள். கேட்டால், "கரண்ட் என்ன கிணத்துலயா ஊறுது?" என்பார்கள்.

நம்முடைய அணைப்பவர் ஒரு கல்லூரி நூலகர். புத்தகம் தேடுகிறவர்கள் பின்னாலேயே போய் வரிசை வரிசையாக விளக்கை அணைத்துவருவார். வரலாறு கேட்டு வந்தவர்கள் விலங்கியலோடு வீடு திரும்பியதுண்டு. அங்கேயே அப்படியென்றால் வீட்டில் கேட்கவா வேண்டும்?

வீட்டில் அவருக்கு ஒரு தீராத சந்தேகம். ஃப்ரிட்ஜ் கதவை மூடியதும் உள்ளே இருக்கும் குட்டி விளக்கு அணைகிறதா, இல்லையா? அதைக் கையும் களவுமாகப் பிடிக்க நாளொன்றுக்குப் பதினைந்து தடவை ஓசைப்படாமல் போய்க் கதவைப் படக்கென்று திறப்பார். ஒவ்வொரு தடவையும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அவருடைய சந்தேகம் வலுக்கும்.

"என்னங்க, அந்தக் கதவு ரப்பர் கிழிஞ்சு மூணு வருஷமாச்சு. குளிரெல்லாம் வெளியதான் போகுது. மாத்திடலாங்க" என்பாள் மனைவி.

"அது வெட்டிச் செலவு. முதல்ல அடுப்படி லைட்டை அணை."

"நான் காய் நறுக்கிட்டு இருக்கேன்."

"பழகின கைதானே."

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்துக்குப் பத்து நாள் தங்கலாம் என்று மாமனார் வந்து சேர்ந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷ மீசை அவருக்கு. அந்த மீசைக்குப் பயந்தே டிக்கெட் எடுத்தவர்கள் பல பேர். மூன்றாம் நாள் காலை, ஜன்னலே இல்லாத குளியலறைக்குள் நின்று மீசையின் ஓரத்தைக் கத்தியால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன மாப்பிள்ளை, கதவிடுக்கில் வெளிச்சம் கசிவதைக் கண்டார். கை தானாகவே போனது.

விளக்கு அணைந்தது. உள்ளேயிருந்து, "மாப்பிள்ளை, லைட்டைப் போடுங்க" என்று நிதானமாக ஒரு குரல் வந்தது.

வெளியே வந்தபோது மாமனாருக்கு மீசை பாதிதான் இருந்தது. அவர் திட்டவில்லை. திரும்பி உள்ளே போய் மறுபாதியையும் எடுத்துவிட்டு வந்து, மழுமழுவென்ற முகத்தோடு காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். "மாமா, மன்னிச்சுக்கங்க" என்ற நூலகருக்கு, "டிக்கெட் எடுக்காதவனைக்கூட நான் இப்படிப் பாதி வழியில இறக்கிவிட்டதில்ல" என்று மட்டும் சொன்னார்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. புருஷன் கையிலிருந்த செய்தித்தாளில் ஒரு தாளை உருவி, ஃப்ரிட்ஜ் கதவிடுக்கில் வைத்து மூடினாள். "இழுங்க" என்றாள். இழுத்தார். வெண்ணெயில் இறங்கிய கத்திபோல் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னோர் இடத்தில் வைத்தாள். அங்கும் அதே கதை.

"காகிதம் வர்ற வழியில காத்து வராதா? ராப்பகலா அந்த மோட்டார் உறுமுது. நீங்க எங்கப்பா தலைக்கு மேல எரியற லைட்டை அணைக்கிறீங்க."

புத்தகங்களுக்கு நடுவிலேயே காலம் தள்ளிய நூலகர் இந்த ஒரு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று லீவு போட்டுக் கடைக்கு நடந்தார். மத்தியானத்துக்குள் புது ரப்பரை மனைவியே பொருத்தினாள். அகப்பட்ட பழந்துணியைச் சுருட்டி அனல்காற்று புகும் வாசல் கதவின் அடியிடுக்கையும் அடைத்தாள். சற்று நேரத்தில் ஃப்ரிட்ஜ் உறுமலை நிறுத்தியது. அந்த அமைதியில் மாமனார் நன்றாகத் தூங்கினார்.

மனிதர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மூன்று வருஷம் காதில் போட்டுக்கொள்ளாததை மூன்றே நாளில் தன்னுடைய கண்டுபிடிப்பாக்கிவிட்டார். சட்டைப்பையில் ஒரு தாளோடு அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் நுழைந்து, "உங்க ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் பார்க்கட்டுமா?" என்கிறார். தெருவே கதவைச் சாத்திக்கொள்கிறது. எப்படியோ, கதவிடுக்குகள் அடைபட்டால் சரி.

இதைப் படித்துச் சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. உங்கள் வீட்டாரைக் கூப்பிட்டு ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சிரிக்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், உங்கள் வீட்டில் அணைப்பவர் யார் என்று மேற்கொண்டு விசாரிக்காதீர்கள்.