மேடத்தின் மாமனாரை பஸ் ஏற்றிவிட்ட கதை

ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரைத் தொலைத்தவன் நான். இதையெல்லாம் எழுதிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்கிறார்கள். எழுதியாயிற்று, ஆகவில்லை.

பெரம்பலூர் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் எனக்குச் சமூக அறிவியல் வாத்தியார் வேலை. ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சேவைத் திட்டம் தொடங்க வேண்டும் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் பேசி, காது புளித்துப்போய்த்தான் தலைமையாசிரியை சம்மதித்தார். கூடவே ஒரு நிபந்தனை.

"ஒரே ஒரு புகார் வந்தாலும் அன்னைக்கே மூடிடுவேன் சார். பசங்க ஒரு மாசமா இதே பேச்சா இருக்காங்க. அப்புறம் அவங்க மூஞ்சில நீங்கதான் முழிக்கணும்."

தொடக்க விழா பஸ் ஸ்டாண்டில். சிறப்பு விருந்தினர், தலைமையாசிரியை மேடத்தின் மாமனார். எண்பதை நெருங்கும் முன்னாள் தாசில்தார். ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நான் அவரை அதுவரை பார்த்ததில்லை. (போட்டோ கேட்டிருக்கலாம். அதெல்லாம் தோன்றுகிற மூளையாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.)

திட்டம் இதுதான். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது, பஸ்தான் எல்லாம். பஸ் உள்ளே நுழைந்ததும் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி சீட்டு பிடிக்கிறவனுக்குத்தான் இடம். வயதானவர்களுக்கு அந்தத் தெம்பு ஏது? அவர்களுக்காக எங்கள் பிள்ளைகள் வீசுவார்கள். முப்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பச்சைத் துண்டு கொடுத்து, முந்தின நாளே ஓர் உரையும் ஆற்றினேன்.

"உதவி வேணுமான்னு பெரியவங்களக் கேட்டா, வேண்டாம்ப்பான்னுதான் சொல்லுவாங்க. நம்ம பக்கம் காப்பி குடுத்தாக்கூட மூணு தடவ வேண்டாம்பாங்க, அப்புறம் டம்ளரக் காலி பண்ணிடுவாங்க. அதனால வேண்டாம்னு சொன்னா விட்டுடாதீங்க!"

அணித் தலைவி, எட்டாம் வகுப்புத் தமிழரசி, இதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு நான் ஏணி மேல் ஏறி பேனர் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே ஒரே சத்தம். திரும்பிப் பார்த்தால், பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸெல்லாம் பச்சையாக இருக்கிறது. கடலை விற்கிற அம்மா ஒருத்தி அரியலூர் பஸ் ஜன்னலிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள்: "எறக்கி விடுங்கடா! யாவாரம் பண்ண வந்தவள ஏண்டா ஊருக்கு அனுப்புறீங்க!"

நான் என்ன செய்தேன்? "ஆர்வக் கோளாறு" என்று சிரித்துவிட்டு, அந்த அம்மாவை இறக்கிவிடச் சொல்லிவிட்டு, பேனரின் அடுத்த முனையைக் கட்டப் போனேன்.

பத்தரைக்கு மேடம் சால்வையோடு வந்தார். "மாமா எங்க சார்? எறங்கிட்டேன்னு ஒம்பதே முக்காலுக்கே போன் பண்ணாரே!"

மேடத்திடம் அடையாளம் கேட்டுக்கொண்டு தமிழரசியைக் கூப்பிட்டேன்.

"வெள்ளை வேட்டி, கைத்தடி வச்ச ஒரு தாத்தாவப் பாத்தீங்களாம்மா?"

"பாத்தோம் சார்! குன்னம் பஸ்ல ஏத்தி விட்டுட்டோம்."

"அவரு குன்னம் போகணும்னாரா?"

"இல்ல சார். குன்னம் பஸ்லதான் சீட்டு போட்டிருந்தோம். ஒக்கார ஆளே கெடைக்கல. வீணாப் போயிடுமேன்னு..."

"அவரு ஒண்ணும் சொல்லலியா?"

"வேண்டாம் வேண்டாம்னாரு சார். மூணு தடவ. நான் எண்ணுனேன்."

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் பேனரே கருகியிருக்கும். பெரியவரின் போனுக்கு அடித்தேன். யாரோ எடுத்தார்கள்.

"கண்டக்டர் பேசுறேன். துறையூர் பஸ். சீட்டுல பை மட்டும் ஒக்காந்திருக்கு. இதுக்கு யாருங்க டிக்கெட் எடுக்கிறது?"

துண்டு தீர்ந்துபோனதால் இன்னொரு குழு பெரியவரின் பையை வாங்கி துறையூர் பஸ்ஸில் வீசியிருக்கிறது. போன் அதற்குள். ஆக, பை மேற்கே போகிறது, ஆள் கிழக்கே போகிறார், நடுவில் நான் நிற்கிறேன்.

பிள்ளைகளை மற்ற ஆசிரியர்களிடம் விட்டுவிட்டு என் வண்டியை எடுத்தேன். மேடம் பின்னால் ஏறிக்கொண்டார். குன்னம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட வண்டி நேராகப் போயிருக்கும். எண்பது வயது மனிதர், கையில் போன் இல்லை, ஊரும் புதிது. மக்காச்சோளக் காட்டில் ஏதாவது வெள்ளையாகத் தெரிந்தாலே பிரேக் அடித்தேன். (ஒன்று கொக்கு. இன்னொன்று உர மூட்டை.)

குன்னத்தில் இறங்கி, டீக்கடையில் கேட்டோம். "தடி வச்ச பெரியவரா? பள்ளிக்கூடம் எங்கன்னு கேட்டாரு, கையக் காட்டி விட்டேன்."

ஓடினோம். அங்கே ஒரு பள்ளியின் மரத்தடியில் நூறு பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, பெரியவர் கழுத்தில் சால்வையோடு முழங்கிக்கொண்டிருந்தார். "இந்தச் சேவைத் திட்டத்தைத் தொடங்கி வைப்பதில் பெருமகிழ்ச்சி!"

மருமகளைக் கண்டதும் நிறுத்தினார். "ஏம்மா இவ்ளோ லேட்டு? பசங்க அவ்ளோ தெளிவா ஏத்தி விட்டாங்க, விழாவ இங்க மாத்திட்டீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு உயிர் திரும்பியது. அப்போது அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொல்லாமக் கொள்ளாம வந்தாலும் அருமையான திட்டம் சார்! ஐயா சொன்னதும், எட்டாம் வகுப்ப அப்பவே பஸ் ஸ்டாப்புக்கு அனுப்பிட்டேன்."

பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பி ஓடினோம்.

மேடம் திட்டத்தை மூடவில்லை. அன்று மாலையே மூடச் சொல்லி உத்தரவு எழுத எடுத்த பேனாவை மாமனார் பிடுங்கி வைத்துக்கொண்டாராம்: "வேலைய விட்டு இத்தன வருசத்துல என்னைய மதிச்சு சீட்டுல ஒக்கார வச்சது அந்தப் பசங்கதாம்மா." ஆனால் திட்டப் பொறுப்பாளர் நானில்லை, தமிழரசியின் வகுப்பாசிரியை. நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வரக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு இருக்கிறது.

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். என் மைத்துனன் சும்மா இருப்பானா? "எங்க மச்சான் லேசுப்பட்டவரு இல்லீங்க, ஒரு தாசில்தாரையே கடத்துனவரு" என்று முழுக்கதையையும் சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தாத்தா மட்டும் சிரிக்காமல், பக்கத்தில் வைத்திருந்த மஞ்சப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கிளம்புகிற வரை என் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.