அந்திமங்கலத்துக் குதிரைகள்

அந்திமங்கலம் என்ற நகரம் எந்த வரைபடத்திலும் இல்லை. வரைபடத்தில் அதற்கு என்ன நிறம் பூசுவது என்று நகரசபை இன்னும் ஆலோசித்துக்கொண்டிருப்பதுதான் காரணம். மற்றபடி கடலும் ஆறும் கூடும் இடத்தில் அமைந்த நல்ல நகரம். துறைமுகத்தில் வேலை தாராளமாகக் கிடைத்ததால் எல்லாத் திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வருகிறவர்கள் எங்காவது தங்கியாக வேண்டும் என்பது மட்டும் நகரசபைக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிய செய்தியாக இருந்தது.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி தாழை. துறைமுக வாசலில் இடியாப்பம் விற்றாள். அவள் கணவன் வேலப்பன் மீன் சந்தைக்கு எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேலாகியும் இருவரும் ஒரே கூரையின்கீழ் தூங்கியதில்லை. தாழை தன் அக்கா வீட்டு அடுக்களையில் அம்மிக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவே சுருண்டு படுப்பாள். வேலப்பன் கடையில், வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியிலேயே தூங்குவான். காலையில் அவள் அவனுக்கு இடியாப்பம் கொண்டுவருவாள். அவன் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டு முடிக்கிற நேரம்தான் அவர்களுடைய இல்லறம்.

"வீடு ஏதாச்சும் ஆப்பட்டுச்சா மாமா?"

"ஒண்ணு போய்ப் பார்த்தேன். அந்த ஆளு கேக்குற முன்பணத்துக்குக் கப்பல் வாங்கி அதுலயே குடியிருக்கலாம்."

"வாங்கு. கப்பலுக்கு மேல மாடி எடுக்கக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு சட்டம் போடுவாங்க."

அந்த வாரம் நகரமே பேசிக்கொண்டிருந்த நிலாச் சட்டத்தைத்தான் அவள் சொன்னாள். நகரசபை உறுப்பினர்கள் அனைவரும் மேட்டுத்தெருவில் சொந்த மாளிகைகளில் வசித்தவர்கள். அவர்களில் செல்வாம்பிகை அம்மையார் சபையில் எழுந்து கண்ணீர் மல்கப் பேசினார்.

"பௌர்ணமி நிலவை மாடியிலிருந்து பார்ப்பது எங்கள் பரம்பரை வழக்கம். எதிரே ஒருவர் வாடகைக்கு விடுவதற்காக மூன்று மாடி எழுப்புகிறார். அதன் பிறகு நிலா தாமதமாக வருகிறது."

சபைத் தலைவர் மகாகனம் கோமகனார் நெஞ்சில் கை வைத்தார். "நிலவைத் தாமதப்படுத்தும் அதிகாரம் இந்தச் சபையைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது."

தலைவர் முக்காலி மேல் நின்று கையைத் தூக்கினால் எட்டும் உயரத்துக்கு மேல் இனி எந்தக் கட்டடமும் எழும்பக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. பாதியில் நின்ற மாடிகளிலிருந்து கொத்தனார்கள் இறங்கி ஊருக்குப் போனார்கள். நகருக்குள் வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த மாதமே வாடகை ஏறியது.

வாடகை ஏன் ஏறுகிறது என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு மலையோர விடுதியில் தங்கி நெடுநாள் ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தது. வீடு வேண்டும் என்று பலர் கேட்பதால்தான் வாடகை ஏறுகிறது. ஆகவே பொது இடத்தில் வீடு கேட்பது தடை செய்யப்பட்டது. தரகர்கள் அன்றுமுதல் காதோடு காதாகப் பேசினார்கள். அப்படிப் பேசுவதற்குத் தனிக் கட்டணம் வாங்கினார்கள். வேலப்பன் கடைக்கு முகம் மழிக்க வந்த ஒரு பெரியவர், பழக்க தோஷத்தில், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டார். வாசலில் நின்ற காவலன் உள்ளே வந்து அபராதம் போட்டான். வீடு என்ற சொல்லை அவன் தன் காதால் கேட்டிருந்தான்.

அதற்கும் வாடகை இறங்கவில்லை. இதற்கிடையில் பணக்காரர்களின் குதிரை வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்பதாகப் புகார் வந்தது. இனிமேல் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு குதிரைகளுக்கு லாயம் இருக்க வேண்டும் என்று சபை விதி செய்தது.

"குதிரை இல்லாதவர்களும் கட்ட வேண்டுமா?" என்று ஓர் உறுப்பினர் தயங்கிக் கேட்டார்.

"இன்று இல்லாதவருக்கு நாளை வரும். வளர்ச்சி என்பது வேறென்ன?" என்றார் கோமகனார். கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்ற மருதையா அப்போதுதான் தன் துண்டு நிலத்தில் வீடு கட்டத் தொடங்கியிருந்தார். இரண்டு அறை கட்டி, ஒன்றைத் தாழைக்கும் வேலப்பனுக்கும் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். லாயத்துக்கு விதித்த அளவை விட்டுப் பார்த்தால் அவருக்கே ஓர் அறைதான் மிஞ்சியது. அந்த அறையைவிட லாயம் பெரிதாக, ஓடு வேய்ந்து, கிழக்கே ஒரு ஜன்னலோடு அமைந்துவிட்டது.

"குதிரை வாங்குற யோகமெல்லாம் எனக்கு இல்ல," என்றார் மருதையா. "சும்மாத்தான கெடக்கு. ரெண்டு பேரும் வந்து இருங்க."

அன்று சாயங்காலமே வந்துவிட்டார்கள். தாழை ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை நடந்து பார்த்தாள். திரும்பவும் நடந்தாள். வேலப்பன் பாயை விரித்துக் காலை முழுதாக நீட்டிப் படுத்தான். நாற்காலியிலேயே தூங்கிப் பழகிய கால்கள் நீட்ட மறந்து மடங்கிக்கொண்டன. அதைப் பார்த்து அவன் சிரிக்க, அவளும் சிரிக்க, அடுத்த அறையிலிருந்து மருதையா, "என்னடா அது கனைப்பு?" என்று சத்தம் போட்டார்.

அந்த மகிழ்ச்சி லாய ஆய்வாளர் நீதிமாணிக்கம் வரும்வரை நீடித்தது. பணி நேரத்தில் சிரித்தறியாத மனிதர் அவர். வாசலில் நின்றபடியே சொன்னார்:

"இங்கே குதிரைகள் இருக்கலாம். அல்லது ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். மனிதர் வசிப்பது குற்றம். உடனே வெளியேற வேண்டும்."

வேலப்பன் பாயைச் சுருட்டிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினான். அதைப் பார்த்த தாழைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாங்கதான் ஐயா அந்தக் குதிரைங்க," என்றாள்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்து, குதிரை என்பதற்கான விளக்கத்தைத் தேடிப் படித்தார்.

"சுமை சுமப்பதுண்டா?"

"தெனமும் இடியாப்பக் கூடை. பத்தாததுக்கு இவரு வேற."

"தானியம் உண்பதுண்டா?"

"அரிசி தானியந்தானே ஐயா?"

"அதட்டினால் ஒதுங்கி நிற்பதுண்டா?"

வேலப்பன் வாயைத் திறந்தான். "நீங்க வந்ததுலேர்ந்து சொவத்தோரமாத்தானே நிக்கிறேன்."

ஆய்வாளர் இருவரையும் பாதத்திலிருந்து தலைவரை பார்த்தார். பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "கால்கள் எத்தனை என்று சட்டம் கூறவில்லை," என்று முடிவு செய்து, அனுமதி முத்திரையைக் கதவில் குத்திவிட்டுப் போனார்.

செய்தி நகரசபைக்குப் போனது. இது சட்டத்தைக் கேலி செய்வதாகும் என்று செல்வாம்பிகை அம்மையார் கொதித்தார். கோமகனார் மட்டும் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு மெல்ல எழுந்தார்.

"அன்பர்களே, வீடில்லாதவர்கள் மனிதர்களாக இருக்கும்வரைதான் அது வீட்டுப் பிரச்சினை."

சபை சிலிர்த்துப் போயிற்று. வீடு கிடைக்காத எவரும் தம் விருப்பப்படி குதிரையாகப் பதிந்துகொள்ளலாம் என்று அன்றே அறிவித்தார்கள். மறுநாள் மீன் சந்தைவரை வரிசை நின்றது. மாலுமிகள், பள்ளி ஆசிரியர்கள், தீயணைப்புக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். அந்த அறிவிப்பை எழுதிய சபையின் எழுத்தரும் வரிசையில் நின்றார். சில மாதங்களில் மேட்டுத்தெருவைத் தவிர ஏறக்குறைய நகரமே குதிரையாகிவிட்டது. அந்திமங்கலத்தில் வீடில்லாத மனிதர் ஒருவரும் இல்லை என்று கோமகனார் அறிவித்து வாணவேடிக்கை நடத்தினார். குதிரைகள் தெருவோரமாக நின்று அண்ணாந்து பார்த்தன.

குதிரையாக வாழ்வதில் சில சங்கடங்கள் இருந்தன. நடைபாதையில் நடக்கக் கூடாது. வாக்குப் போட முடியாது. காய்ச்சல் வந்தால் மாட்டு வைத்தியரிடம் போக வேண்டும். குதிரைக்கு முடிதிருத்தும் உரிமம் கிடையாது என்பதால், வேலப்பன் பெயர்ப்பலகையை 'பிடரிமயிர் கத்தரிக்கும் நிலையம்' என்று மாற்றினான். தாழை தன் இடியாப்பத்தைத் தீவனம் என்று சொல்லி விற்றாள். மேட்டுத்தெருக்காரர்கள் அதை வழக்கம்போல் வாங்கித் தின்றார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் லாயங்களுக்கும் போட்டி வந்தது. லாய வாடகை, முன்பு வீட்டு வாடகை இருந்த இடத்துக்கு ஏறிவிட்டது. மருதையா ஏற்றவில்லை. "நான் சமையல்காரன்டா, சந்தைக்காரன் இல்ல," என்று சொல்லிவிட்டார். வாடகையை இறக்கச் சபை வேறொரு வழி கண்டது. ஒவ்வொரு லாயத்திலும் கொள்ளுமட்டும் குதிரைகளை அடைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. மருதையாவின் லாயத்துக்கு இன்னும் மூன்று குடும்பங்கள் வந்து சேர்ந்தன. தாழை மறுபடி பானைக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தாள். இப்போது அப்படிப் படுக்க முடியாதபடி அவள் வயிறு பெரிதாகியிருந்தது. வேலப்பன் இடம் விட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினான்.

"பேசாம கடைக்கே போயிரட்டுமா தாழை? உனக்குக் கொஞ்சம் எடம் கெடைக்கும்."

"போனா நானும் கூடவே வருவேன். அந்த ஒத்த நாற்காலில மூணு பேரும் உக்காருவோம், பாத்துக்க."

நாட்டின் அரசர் தொலைவில், தலைநகரில் இருந்தார். ஆண்டுதோறும் ஒவ்வொரு நகரமும் தன் மனிதர் தொகையையும் விலங்குகள் தொகையையும் அவருக்கு அனுப்புவது வழக்கம். கோமகனாரும் பெருமையோடு அனுப்பிவைத்தார். தலைநகரில் அதைப் படித்தவர்கள், கையளவு மனிதர்களும் கடலளவு குதிரைகளும் உள்ள ஊர் நகரமாக இருக்க முடியாது, அது குதிரைப் பண்ணை என்று முடிவு செய்தார்கள். பண்ணைக்கு நகரசபை எதற்கு? சபை கலைக்கப்பட்டது. அரச குதிரைத்துறையின் கண்காணிப்பாளர் மாசாத்தியார் என்ற கனத்த குரலுடைய அம்மையார் வந்து இறங்கினார்.

அவர் முதலில் நுழைந்தது மருதையாவின் லாயத்தில். நாலு குடும்பங்களும் திணறிக்கொண்டு எழுந்து நின்றன. குதிரைகளுக்கு இரண்டு கால்கள்தான் என்பதைப் பார்த்து அவர் புருவம் உயர்ந்தது. ஆனால் நகரசபையின் முத்திரை கதவில் இருந்தது.

"ஒரே லாயத்தில் இத்தனை உயிரா?" என்று கத்தினார். "அதிலும் இது சினைக் குதிரை! யார் இதற்குப் பொறுப்பு?"

கூடவே வந்திருந்த கோமகனார் முன்னால் வந்தார். "அம்மையீர், இவர்கள் உண்மையில் மனிதர்கள்தாம். இந்த அளவு இடத்தில் மனிதர்களை வைப்பதற்கு நம் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை."

"உங்கள் முத்திரை குதிரை என்கிறது. குதிரையை இப்படி வைத்தால் எங்கள் துறையில் சிறை."

கோமகனார் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

குதிரைத்துறையின் விதிகள் பழையவை, கண்டிப்பானவை. காற்று, வெளிச்சம், நல்ல தண்ணீர், நிமிர்ந்து நிற்கவும் புரண்டு படுக்கவும் இடம். இடம் போதாவிட்டால் அடுக்கடுக்காகக் கட்டித் தர வேண்டியது அரசின் கடமை. ஊருக்குப் போன கொத்தனார்கள் திரும்பி வந்தார்கள். கோமகனாரின் மாளிகையில் பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்து, லாயம் எழும்பும்வரை அங்கே குதிரைகளைத் தங்கவைத்தார்கள். அவர் முதலில் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு நாள் தலையைக் குனிந்தபடி வந்து வேலப்பனிடம் பிடரிமயிர் கத்தரித்துக்கொண்டார். தமக்கும் குதிரையாகப் பதிய ஒரு விண்ணப்பம் போட முடியுமா என்று மெல்ல விசாரித்ததாகவும் கேள்வி.

மழை பிடிக்குமுன் தாழைக்கும் வேலப்பனுக்கும் புதிய லாயத்தின் இரண்டாம் மாடியில் ஓர் இடம் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் கப்பல்களின் பாய்மரம் தெரிந்தது. அங்கேதான் அவர்களுக்குப் பெண் பிறந்தாள். மருதையா மிளகு ரசம் வைத்துத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

சில நாள் கழித்து மாசாத்தியார் பிறப்பைப் பதிய வந்தார். இத்தனை மாதத்தில் அவர் குரல் கொஞ்சம் இளகியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, தாழையை நேராகப் பார்த்தார்.

"அரசர் ஒரு சலுகை கொடுத்திருக்கிறார், அம்மா. விரும்புகிறவர்கள் மறுபடி மனிதராகலாம். வாக்கு உண்டு, நடைபாதை உண்டு. இந்தப் பெண்ணை எப்படி எழுதட்டும்? குழந்தை என்றா, குட்டி என்றா?"

வேலப்பன் முகம் மலர்ந்தது. மனிதப் பெண் என்று சொல்ல வாயெடுத்தான். தாழை அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கலாங்களா? குதிரைக்கு இவ்வளவு எடம், இவ்வளவு காத்து குடுக்கணும்னு எழுதி வச்சிருக்கீங்க. மனுஷப் புள்ளைக்கு அப்படி எங்கயாச்சும் எழுதியிருக்குதா?"

மாசாத்தியார் யோசித்தார். அவர் பல நகரங்களைப் பார்த்தவர்.

"நான் போன ஊர்களில் எதிலும் பார்த்ததில்லை, அம்மா," என்றார்.

தாழை குழந்தையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக வந்த காற்றில் அதன் தலைமுடி பறந்தது.

"எங்க குட்டிதாங்க இவ. அப்படியே எழுதிக்கங்க."

மாசாத்தியார் எழுதக் குனிந்தார். குழந்தை துணியிலிருந்து காலை விடுவித்துக்கொண்டு அவர் கையை ஓங்கி ஓர் உதை விட்டது.

"பாத்தீங்களா?" என்றான் வேலப்பன், பெருமை தாங்காமல்.