நாலாவது போர்ட்டில் அத்தை

மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் கணினியை விரித்துவைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சோதனைக்கூடத்தில் ஒரு சிக்னல் பலகையை அளந்து, அளவுகளை எஸ்-பாராமீட்டர் என்ற ஃபைலாக அனுப்பியிருந்தார்கள். அதை, சர்க்யூட்டைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் ஏற்றினால், பலகையின் வாய்களான நான்கு போர்ட்டுகளும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மொட்டையாக நின்றன. எதில் சிக்னல் நுழையும், எதில் வெளியேறும் என்று ஒரு குறிப்பும் இல்லை.

விசாரித்துப் பெயர் வைத்தார். ஃபைலை மறுபடி ஏற்றியதும் சிமுலேட்டர் பெயர்களைத் துடைத்துவிட்டது. திரும்ப வைக்கும்போது அவருக்கே எது எதுவென்று குழம்பிவிட்டது.

"செத்தாலும் மறக்காத பேரா வை. வீட்டு ஆளுங்களையே வை," என்றான் அலுவலகக் கூட்டாளி தொலைபேசியில்.

வைத்தார். அம்மா, அப்பா, மாமா, அத்தை. சிக்னல் நுழைவது அம்மாவில். யாருக்கும் வேண்டாத, ஐம்பது ஓம் ரெசிஸ்டர் வைத்து 'முடிக்க' வேண்டிய நாலாவது போர்ட், அத்தை. அந்த வாரம் மாமனாரும் மாமியாரும் அங்கேதான் தங்கியிருந்தார்கள். மாமியார் அடுத்த அறையில் துணி உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

"பேரு நிக்குதுப்பா. ஆனா அகர வரிசையில அடுக்கிடுச்சு. அத்தை முதல்ல வந்து நிக்கிறாங்க," என்றான் கூட்டாளி, ஃபைலை அலுவலகக் கணினியில் ஏற்றிப் பார்த்துவிட்டு.

"ஐயையோ! அத்தை தானா முதல்ல வந்து நிக்கிறாங்களா? தூக்கிக் கடைசியில போடு. அம்மாதான் முதல்ல. அத்தையால ஒரு உபயோகமும் இல்லை, ஐம்பது ஓம் வெச்சு முடிச்சுடு!"

துணி உதறும் சத்தம் நின்றது.

மனைவி வந்தாள். "என்னங்க, யாரை முடிக்கப்போறீங்க?"

"தப்பா நினைக்காதம்மா. அத்தை வாயில சின்னதா ஒரு ரெசிஸ்டரை வெச்சு..."

"வாயை வேற அடைக்கணுமா?"

அடுத்த அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மாப்பிள்ளை தொலைபேசியை வாயருகே இழுத்தார்.

"டேய், அத்தையை முடிக்காதே. அப்படியே திறந்து விட்டுடு." பதற்றத்தில் விரல் ஸ்பீக்கர் பொத்தானில் பட்டுவிட்டது.

கூட்டாளியின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "விட்டா சும்மா இருக்க மாட்டேங்கிறாங்களே! உள்ள போனதையெல்லாம் திருப்பி அடிக்கிறாங்க. அம்மா வரைக்கும் ஆட்டம் காணுது!"

"எங்கம்மாவா அடிக்கிறாங்க?" என்றாள் மனைவி, இடுப்பில் கைவைத்து.

இடையில் மேலாளர் கூட்டாளியிடமிருந்து தொலைபேசியை வாங்கிப் பேசினார். "என்னப்பா, வாடிக்கையாளர் மத்தியானம் வர்றாங்க. ஒரு அத்தையை முடிக்க இவ்வளவு நேரமா? ரெண்டு ஆள் அனுப்பட்டுமா?"

உள்ளே பெட்டியின் ஜிப் சர்ரென்று இழுபட்டது.

மாப்பிள்ளை ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். "அத்தை, உங்களை யாரும் ஒண்ணும் பண்ணல. எத்தனை நாள் வேணாலும் இருங்க!"

மேசையிலிருந்து தொலைபேசி குதூகலமாகக் கத்தியது. "முடிச்சாச்சு! அத்தை அடங்கிட்டாங்க! ஒரு சலனமும் இல்லை!"

கதவு திறந்தது. பெட்டியும் கையுமாக மாமனார் நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் மாமியாரின் விசும்பல்.

"மாமா, சத்தியமா அது கொலை இல்லை. சர்க்யூட்ல அப்படித்தான் பேசுவோம்..."

"அட, அதை விடுங்க மாப்பிள்ளை. முடிக்கிறேன், வாயை அடைக்கிறேன், உபயோகமில்லைங்கிறதெல்லாம் நானே தினம் சொல்றதுதான், அதுக்கெல்லாம் அவ அசரமாட்டா. தானா முதல்ல வந்து நின்னவளைத் தூக்கிக் கடைசியில போட்டுட்டு, உங்கம்மாவை முன்னாடி கொண்டுபோய் வெச்சீங்களாமே?"