பாலேந்திராவும் லண்டன் படிப்பும்

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊரில், தன் வீட்டுக் குசினியில் நின்றபடி பாலேந்திரா அறிவித்தார்: "என்ரை பிள்ளை கடல்பாலம் தாண்டமாட்டாள். கொப்பன்ஹேகனாம் கொப்பன்ஹேகன்! பக்கத்து எஸ்பியா நகரத்திலை படிக்கட்டும். விடிய நானே காரிலை கொண்டுபோய் விடுவன்."

மகள் சாரங்கி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். மனைவி தவமலர் வாயே திறக்கவில்லை. அப்போதே அவர் உசாராகியிருக்க வேண்டும்.

அடுத்த கிழமை தேத்தண்ணியோடு வந்தாள் தவமலர்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் சொன்னதுதான் சரி. கொப்பன்ஹேகன் வேண்டாம்."

"பாத்தீரே!"

"லண்டனுக்கு அனுப்புவம்."

தேத்தண்ணி புரையேறியது.

"அரசாங்கப் பல்கலைக்கழகந்தானே, என்ன பெரிய செலவா வரப்போகுது?" என்றுவிட்டு அவள் போய்விட்டாள்.

பாலேந்திரா கணினியைத் திறந்தார். லண்டன், லீட்ஸ், மஞ்செஸ்டர் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எங்கும் இரண்டு விலை. உள்ளூர்ப் பிள்ளைக்கு ஒன்று, வெளிநாட்டுப் பிள்ளைக்கு அதைப்போலப் பல மடங்கு. இங்கிலாந்து ஐரோப்பிய யூனியனை விட்டுப் போனபிறகு டென்மார்க் பிள்ளையும் அங்கே வெளியாள்தான். கட்டணத்தைப் பார்த்ததும் கண்ணைக் கட்டியது. முதல் வருடத்துக்கு வீட்டை விற்கலாம். இரண்டாம் வருடத்துக்கு அவரைத்தான் விற்க வேண்டும். வாங்க ஆளில்லை.

குசினிக்கு ஓடினார்.

"தவம், லண்டன் சரிவராது! இஞ்சை படிப்பு சும்மா. மேலாலை அரசாங்கம் மாதாமாதம் பிள்ளைக்குக் காசும் குடுக்குது."

"அவள் விரும்பின படிப்பு எஸ்பியாவிலை இல்லையே."

"கொப்பன்ஹேகனிலை இருக்குத்தானே!"

"ஐயோ, பாலம் எல்லோ தாண்டவேணும்?"

"பாலம் என்ன பெரிய பாலம்! காரிலை ஒரு இழுவை."

"நீங்கள் இவ்வளவு கெஞ்சிறியள்... பிள்ளையைக் கேட்டுப் பாப்பம்."

சாரங்கி பெரிய மனதுபண்ணி, "ஃபிண்ட் நொக்" என்றாள். டேனிஷில், பரவாயில்லை, சரி என்று அர்த்தம்.

பாலேந்திராவின் நெஞ்சிலிருந்து பாறாங்கல் ஒன்று இறங்கியது. அந்த நேரம் பார்த்துத் தவமலரின் போன் அடித்தது. கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து அவள் தங்கச்சி யோகமலர். தவமலரின் கையெல்லாம் மா. அவரே ஸ்பீக்கரைப் போட்டார்.

"அக்கா, எங்கடை வீட்டிலை சாரங்கியின்ரை அறைக்குப் பெயின்ற் அடிச்சு முடிஞ்சுது. அத்தானை இன்னும் லண்டன் சொல்லி வெருட்டிறியளோ?"

தவமலர் குனிந்த தலை நிமிராமல் மாவைக் குழைத்தாள். கோபம் வரட்டும் என்று பாலேந்திரா கொஞ்சநேரம் காத்திருந்தார். வரவில்லை.

"அப்ப, லண்டன் இல்லைத்தானே?" என்று மட்டும் ஒருதரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.