ரீனா ஓலை வாசித்த ஞாயிறு

தன் பிள்ளை கெட்டிக்காரி என்று நினைக்காத தகப்பன் உலகத்தில் கிடையாது. அதை மைக் வைத்து ஊருக்கே நிரூபிக்க ஆசைப்பட்டவன் அநேகமாக நான் ஒருவன்தான். அந்த ஆசை என்னை என்ன பாடு படுத்தியது என்று தூத்துக்குடியில் எங்கள் கோயிலுக்கு வருகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். (என்னைவிட நன்றாகவே சொல்வார்கள்.)

என் மகள் ரீனாவுக்கு அப்போது ஆறு வயது. ஒன்றாம் வகுப்பில் மற்ற பிள்ளைகள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது, அவள் செய்தித்தாளில் வானிலை, வழிப்பறி, கோலப்போட்டி எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுகிறாள் என்று பள்ளியிலிருந்து புகார் வரும். பிறகு புகார் நின்றது. பிள்ளை ஒழுங்குக்கு வந்துவிட்டாள் என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். ஒருநாள் நான் தலை பின்னிவிடும்போது அவளே சொன்னாள்: "இப்பல்லாம் நான் தெரியாத மாதிரியே இருந்துக்கிடுதேன்ப்பா." அந்த வாரமே பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டேன்.

நான் ஒரு கப்பல் ஏஜென்சிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். மனைவி அமலி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆகவே மில்லர்புரம் வீட்டின் சாப்பாட்டு மேசை பள்ளிக்கூடம் ஆனது. தலைமையாசிரியர், வாத்தியார், மணியடிக்கிற பியூன் எல்லாம் நானே. காலையில் துறைமுகப் பக்கமிருந்து கப்பலின் சங்கு கேட்டால் முதல் வகுப்பு. குழம்பு கொதித்து வழிந்தால் இடைவேளை.

எனக்கென்று ஒரு கல்விக் கொள்கையும் வைத்திருந்தேன். "சும்மா வாசிச்சா போதாது ரீனா. அதுல என்ன செய்யச் சொல்லியிருக்கோ அதைச் செய்யணும். அப்பதான் உனக்குப் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்." பிள்ளை இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. இருமல் மருந்துப் பாட்டிலில் 'நன்றாகக் குலுக்கவும்' என்று வாசித்தாள், குலுக்கினாள். (மூடியைப் பற்றி அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.) ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வருகிறவள், ஒரு உப்பு லாரியின் பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, லாரி கண்ணிலிருந்து மறையும் வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. இதையெல்லாம் பார்த்து எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டிய நான், எவ்வளவு ஆழமான புரிதல் என்று பூரித்துப்போனேன்.

பூரிக்காத ஒரே ஆள் என் அக்கா பிலோமினா.

"ஏலே, ஊர்ல ஒரு பிள்ளை இப்படி வீட்ல கெடக்கா? நாலு பிள்ளையளோட பழக வேண்டாமா? வார ஜூன்ல ஒழுங்கா பள்ளிக்கூடத்துல கொண்டு விடு" என்பாள். எங்கள் வீட்டில் அக்கா சொன்னால் அது தீர்ப்பு. அமலியும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தாள். ஜூன் நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்தது. அந்த மேசையை விட்டால் என் பிள்ளை மறுபடியும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. ஊர் முன்னால் அவள் திறமையை ஒருமுறை காட்டிவிட்டால் அக்கா வாயடைத்துப் போவாள் என்று கணக்குப் போட்டேன்.

கோயிலில் சிறுவர் திருப்பலி வந்தது. பைபிள் வாசகங்களை எல்லாம் பெரிய பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன்.

"ஆறு வயசுப் பிள்ளை. அறிவிப்புதான் மிச்சம் இருக்கு. திணறாதா?" என்றார்.

"முன்கூட்டிப் பார்க்காமலே வாசிப்பா சாமி. நீங்க காட்டவே வேண்டாம்!" என்றேன். (இந்த வாய் இருக்கிறதே.)

அந்த வாரம் அறிவிப்பில் என் அக்கா மகள் ஸ்டெல்லாவின் கல்யாண ஓலையும் உண்டு. எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் பெண், மாப்பிள்ளை பெயரைச் சபையில் வாசிப்பதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். மாப்பிள்ளை ஜூடுவும் எங்கள் கோயிலைச் சேர்ந்தவன்தான், உப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். அவனை அக்கா வீட்டுக்காரர் தேடித்தேடிப் பிடித்திருந்தார். அத்தான் சரக்குத் தோணியில் தண்டல். அதாவது தோணிக்குத் தலைவர். பாதி வாழ்க்கையைக் கடலில் கழித்தவர். ஆண் பிள்ளை இல்லாததால், தனக்குப் பிறகு மருமகன்தான் தோணியைப் பார்த்துக்கொள்வான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பட்டுச்சேலையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்டெல்லா. ஆண்கள் பக்கம் அத்தான், அவருக்குப் பின்னால் ஜூடு. ரீனாவை ஒரு ஸ்டூலில் ஏற்றி மைக் முன்னால் நிறுத்தினார்கள். கணீரென்று வாசித்தாள். அன்பிய ஜெபக்கூட்டம், கல்லறைச் சுத்தம் எல்லாம் தங்குதடையின்றி வந்தது. பின்னால் யாரோ "யாரு பிள்ளை இது?" என்று கேட்டதும் என் நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தள்ளியது. அக்காவே திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஓலைக்கு வந்தாள். "ஜூடு, ஸ்டெல்லா இவர்களுடைய திருமணத்திற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் உடனே தெரிவிக்கவும்."

பிறந்ததிலிருந்து அந்த வரியைக் கேட்டு வருகிறேன். அதற்கு யாரும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. அது ஒரு கேள்வி என்பதே எங்களுக்கெல்லாம் மறந்துபோயிருந்தது.

ரீனா ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. மேலே பார்த்து யோசித்தாள். மருந்துப் பாட்டிலைக் குலுக்குமுன் வைத்திருந்த அதே முகம். நான் எழுந்தேன். ஆனால் என் பெஞ்சுக்கும் மைக்குக்கும் நடுவே ஊரே உட்கார்ந்திருந்தது.

"எனக்கு ஒரு தடை தெரியும்" என்றாள். "ஜூடு அண்ணனுக்குக் கடல்ல போனா வாந்தி வரும். தோணியில ஏறவே மாட்டாவளாம். ஸ்டெல்லா மைனி எங்க அப்பாட்ட சொன்னாவ. மாமாட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னாவ."

வீடே பள்ளிக்கூடமாக இருந்தால் இதுதான் சங்கடம். அதற்கு முந்தின வாரம் ஸ்டெல்லா வந்து மேசையில் உட்கார்ந்து, "மாமா, எங்க அப்பாட்ட இத எப்படிச் சொல்ல?" என்று அழுதபோது, பின்னக் கணக்கைக் கொடுத்துப் பிள்ளையின் கவனத்தைத் திருப்பிவிட்டதாக நம்பினேன். வயசுக்கு மீறிப் படிக்கிற பிள்ளை கணக்கையும் போடும், காதையும் தீட்டி வைத்திருக்கும்.

கோயில் முதலில் சிரித்தது. அத்தான் எழுந்து நின்றதும் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. அவர் பின்னால் திரும்பினார்.

"ஏலே, நெசமா?"

தரையில் நிற்கும்போதே ஜூடுவுக்கு அலையில் நிற்கிற முகம் வந்துவிட்டது. "நெசந்தான் மாமா" என்றான்.

கல்யாணம் போச்சு, அக்கா உறவு போச்சு, என் பள்ளிக்கூடமும் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது ஸ்டெல்லாவின் குரல் கேட்டது.

"எனக்குத் தெரியும்ப்பா. தெரிஞ்சிதான் சரின்னேன். புயல்னு ரேடியோவுல சொன்னா அம்மாவும் நானும் சோறு திங்காம வாசல்ல நிப்போம். அது போதும்ப்பா. எனக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வார மாப்பிள்ளதான் வேணும்."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கியது. அத்தான் மெதுவாக உட்கார்ந்தார்.

அந்த அமைதியில் மைக்கில் மறுபடியும் ரீனா: "அப்ப இது தடையா, இல்லையா சாமி?"

"தடை இல்லம்மா" என்றார் சாமியார். "நீ இறங்கு."

பூசை முடிந்து வெளியே வந்ததும் அத்தான் ஜூடுவைத் தனியாகக் கூப்பிட்டார். அடி விழப்போகிறது என்று நாங்கள் நாலு பேர் பக்கத்தில் போனோம். அவர் ரொம்ப நேரம் மீசையைத் தடவிவிட்டுக் கேட்டார்: "தொறமுகத்தத் தாண்டுனா வருமா, தாண்டுமுன்னயே வருமா?"

"கயிறு அவுக்கும்போதே வந்துரும் மாமா."

அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்குவதைப் பார்த்துப் பதறிப்போனேன். சிரிக்கிறார் என்று தெரிய கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்து எனக்குத் தீர்ப்பு. அக்கா நேராக என்னிடம் வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு, "ஜூன்ல பள்ளிக்கூடத்துல விட்டுருதேன்க்கா" என்றேன்.

"பேசாம இருல. இவள வீட்லயே வச்சிப் படிக்க வை. பள்ளிக்கூடத்துல மைக் கெடக்கும்!"

அப்படித்தான் எங்கள் மேசைப் பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. ரீனாவே அலுத்துப்போய் "எனக்குக் கூட்டாளி வேணும்ப்பா" என்று கேட்ட வருஷம்தான் அதை மூடினேன். ஜூடு இன்றுவரை சாயங்காலம் தவறாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறான். எங்கள் குடும்பத்தில் யாராவது ரகசியம் பேச வாயெடுத்தால், "மைக் ஆஃப்ல இருக்கா பாரு" என்று இன்னொருவர் சொல்லாமல் பேச்சு தொடங்காது.

இப்போது ரீனா சென்னையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். சாப்பாட்டு மேசையில் நான் தனியாகக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டிருக்கும்போது கப்பல் சங்கு கேட்டால், இன்னும் ஒரு நிமிஷம் கை ஓடுவதில்லை. போன லீவுக்கு வந்தவளைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போனோம். வேறு யாருக்கோ ஓலை வாசித்தார்கள். "தடை ஏதேனும்" என்ற இடம் வந்ததும் பாதிக் கோயில் ரீனா இருந்த பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு முன் பெஞ்சிலிருந்த அக்கா மட்டும் திரும்பவில்லை. பீடத்தைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டித் துழாவி, தன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்ட பிள்ளையின் வாயைப் பொத்தினாள். ரீனாவும் அவளுக்கு எட்டட்டும் என்று குனிந்து கொடுத்தாள்.