மக்கும் ஷீட்டும் மாரண்டஹள்ளி ஃப்ளெக்ஸும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்தெட்டு வயதில் எனக்குத் தலைக்கனம் இருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் "என்னம்மா படிக்கிற?" என்று கேட்டால், "பாலிமர் சயின்ஸில் ஆராய்ச்சி" என்று சொல்லி, அவருக்கு அது புரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு சந்தோஷப்படுகிற ரகம். (ஒருவர் மட்டும் "ஓ, பக்கெட் கம்பெனியா?" என்றார். பாலக்கோடு வரும்வரை அவர் பக்கம் நான் திரும்பவே இல்லை.)

என் ஆராய்ச்சி இதுதான். தக்காளிச் செடிக்கு அடியில் களை முளைக்காமல் இருக்க மண்ணின்மேல் பிளாஸ்டிக் ஷீட் விரிப்பார்கள். மல்ச்சிங் ஷீட் என்று பெயர். காய் பறித்து முடித்தபின் அதைக் கிழித்து எடுப்பதற்குள் இடுப்பு போய்விடும். எடுத்தாலும் பாதி மண்ணிலேயே தங்கிவிடும். மரவள்ளிக் கிழங்கு மாவை வைத்து நான் செய்த வெள்ளை ஷீட், காய்ப்பு முடிகிறவரை தாங்கும். அப்புறம் தானாகவே பொடிந்து மண்ணோடு மண்ணாகிவிடும்.

அந்த வருடம் பாலிமர் துறையின் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான விருது ஒன்றின் கடைசிப் பட்டியலில் மூன்று பேர் இருந்தோம். விருது கிடைத்தால் இரண்டு வருடம் ஆய்வகத்தில் வேலை. கிடைக்காவிட்டால் அந்த மாதத்தோடு என் உதவித்தொகை முடிகிறது. அப்புறம் ஓசூரில் என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்காதீர்கள். பக்கெட்தான்.

நடுவர்கள் இரண்டு பேர் நேரில் வந்து வயலைப் பார்ப்பதாகச் சொன்னார்கள். வயல் என்றால் மாரண்டஹள்ளி தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் அப்பாவின் தக்காளித் தோட்டம். நாற்று நடும்போது என் ஷீட்டை அங்கே மூன்று வரிசைக்கு விரித்துவிட்டு, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அரை மணி நேரம் விளக்கம் கொடுத்திருந்தேன். பாலிமர் சங்கிலி, நீர்ப் பகுப்பு, நுண்ணுயிர்களின் பங்கு என்று ஒன்றையும் விடவில்லை. வரப்பில் குச்சியால் படம் வேறு வரைந்தேன்.

"புரிஞ்சுதாப்பா?"

"நல்லாப் புரிஞ்சுது பாப்பா. நீ போயி மொதல்ல சாப்புடு."

இவ்வளவு பேசிய நான், 'இந்த ஷீட் கடைசியில் கிழிந்து நாசமாகப் போகும், போனால்தான் வெற்றி' என்ற ஒரு வரியை மட்டும் சொல்லவே இல்லை. அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன ஆராய்ச்சி?

நடுவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, பள்ளித் தோழி ஒருத்தி வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருபதுக்குப் பத்தடியில் ஒரு ஃப்ளெக்ஸ். அதில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நான். என் உதட்டுக்கு யாரோ ரோஸ் கலர் ஏற்றியிருந்தார்கள். தலைக்கு மேலே 'உலக அளவில் பாலிமர் விருது வென்ற எங்கள் தங்கமே!' என்று இருந்தது. காலடியில் எங்கள் சித்தப்பாவும் அவருடைய பால் சொசைட்டி நண்பர்கள் பதினொரு பேரும் கும்பிட்டபடி நின்றார்கள்.

பதறிப்போய் சித்தப்பாவுக்கு போன் போட்டேன்.

"சித்தப்பா, நான் இன்னும் ஜெயிக்கவே இல்ல! மூணு பேர்ல ஒருத்தி, அவ்ளோதான்."

"அட, லிஸ்ட்ல பேரு வந்தா வந்த மாதிரிதான பாப்பா? நம்ம ஆளு எலக்‌ஷனுக்கு மனு குடுத்தன்னிக்கே நாம பட்டாசு வெடிக்கலயா?"

"அவரு தோத்துட்டாரே!"

"பட்டாசு வெடிச்சதாலயா தோத்தாரு?"

(போட்டோ அவருக்கு எப்படிப் போனது என்று நீங்கள் யோசிக்கலாம். நான்தான் அனுப்பினேன். 'நல்லதா ஒண்ணு அனுப்பு பாப்பா' என்று கேட்டார். எதற்கு என்றுகூடக் கேட்காமல் ஏழு அனுப்பினேன்.)

பிளாஸ்டிக்கைக் குறைக்கப் பாடுபடுகிறவளுக்கு இருநூறு சதுர அடி பிளாஸ்டிக்கில் வாழ்த்து. அதுவும் நடுவர்கள் வருகிற பாதையில்! "இன்னிக்கே அவுத்துருங்க சித்தப்பா. அவங்க கண்ணுல படாத எடத்துல வெச்சுருங்க" என்று கெஞ்சினேன்.

"கவலய வுடு பாப்பா. கண்ணுலயே படாது" என்றார்.

நடுவர்கள் வரும் நாள் காலை தருமபுரியிலிருந்து அவர்களோடு ஒரே காரில் வந்தேன். ஒருவர் சென்னைப் பேராசிரியை. நான் பத்து வாக்கியம் பேசினால் அவர் நோட்டில் ஒரு வார்த்தை எழுதுவார். இன்னொருவர் பெங்களூருக்காரர். கன்னடமும் ஆங்கிலமும் பேசுவார், தமிழ் படிக்கத் தெரியாது. பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். மூங்கில் சட்டம் மட்டும் நின்றது. அப்பாடா என்று சீட்டில் சாய்ந்துகொண்டேன்.

தோட்டத்தில் அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். அம்மா பட்டுப்புடவையில். சித்தப்பா இளநீர் சீவிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு என் வரிசைகளைப் பார்த்தேன்.

ஷீட் அப்படியே முழுசாக இருந்தது. பளபளவென்று, ஒரு சுருக்கம் இல்லாமல், ஓரத்தில் அழகாக மண் அணைத்து.

பத்து நாள் முன்பு, செடிகளைப் பிடுங்கிய பிறகு நான் வந்து பார்த்தபோது அது வெடிக்கத் தொடங்கியிருந்தது. இப்போது கந்தலாகக் கிடந்திருக்க வேண்டும். வெடித்தது எப்படித் திரும்ப ஒட்டிக்கொண்டது? நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒன்று இல்லை.

"காய்ப்பு முடிஞ்சு எத்தனை நாள் ஆச்சு?" என்றார் பேராசிரியை.

"மூணு வாரம், மேடம்."

"ஒரு கீறல்கூட இல்லையே." நோட்டில் ஏதோ எழுதினார். முதல்முறையாக நீளமாக எழுதினார்.

அப்புறம் குனிந்து ஷீட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். கிழியவில்லை. பெங்களூருக்காரரும் வந்து சேர்ந்து இழுத்தார். மண்ணைச் சிதறிக்கொண்டு அது மொத்தமாக எழுந்து புரண்டது. மறுபக்கத்தில், முறம் அகலத்துக்கு ஒரு கண். என் கண்.

அடுத்த வரிசையை இழுத்தார்கள். பாதி மூக்கும் ரோஸ் உதடும் வந்தன. மூன்றாவதில் 'விருது வென்ற' என்று வந்தது. அதைப் பேராசிரியை வாய்விட்டுப் படித்தார். "ஓ! முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார். தமிழ் தெரியாத பெங்களூருக்காரர் உதட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி உதட்டைப் பார்த்தார். அவருக்குப் படிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. பாப்பா குடுத்தது நல்ல ஷீட்டுதாங்க. போன வாரம் மழ பேஞ்சதுல கிழிஞ்சி கந்தலாப் போச்சு. பெரியவங்க வர்றப்ப அது அப்பிடிக் கெடந்தா புள்ள மானம் போயிருமேன்னு, மறுநாள் பூரா ஒக்காந்து எல்லாத்தயும் பொறுக்கிட்டு, நேத்து இத விரிச்சோம்."

"நான்தாங்க வெட்டிக் குடுத்தது" என்றார் சித்தப்பா, பாராட்டை எதிர்பார்த்து. எங்கள் பக்கத்தில் ஃப்ளெக்ஸை யாரும் தூக்கி எறிவதில்லை. வைக்கோல் போரை மூடும், மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகும். தோட்டத்தில் விரிப்பதும் அவருக்கு அந்த வரிசையில் ஒன்றுதான்.

பேராசிரியை என் பக்கம் திரும்பினார். "இது எத்தனை நாள்ல மக்கும்?"

கிண்டலா, கேள்வியா என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "இது மக்காதுங்க மேடம். இது நான்."

பொறுக்கிய கந்தலை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். அம்மா எருக்குழியைக் காட்டினாள். இரண்டு நடுவர்கள், ஒரு விஞ்ஞானி, ஒரு பட்டுப்புடவை எல்லோருமாகச் சாணிக் குழியைச் சுற்றி நின்றோம். அம்மா கோலால் கிளறிக்கொண்டே இருந்தாள். தபால் தலை அளவில் நாலைந்து துணுக்கு வந்தது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பொடிந்து எருவோடு கலந்துவிட்டது.

"மூணு கூடை கொட்டனேன்ங்க. சாமி சத்தியமா" என்றாள் அம்மா. கோலைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, வேணும்னு பண்ணலம்மா."

என் ஷீட் வேலை செய்திருக்கிறது. அதற்கிருந்த ஒரே சாட்சியை, என் மானத்தைக் காப்பாற்ற, வெயிலில் முதுகு ஒடியப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். அவர்கள்மேல் கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை. எல்லாக் கோபமும் அரை மணி நேரம் படம் போட்டு விளக்கிய அந்த மேதாவியின்மேல்தான் வந்தது. எருவை எடைபோட்டு விருது கொடுக்க முடியாது என்று நடுவர்கள் நல்லபடியாகவே சொன்னார்கள். இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

விருது இன்னொருவருக்குப் போனது. நான் ஓசூருக்குப் போனேன். பதினொரு மாதம் பக்கெட், நடுவே கொஞ்ச நாள் மூடி. மிச்சமிருந்த ஷீட் சுருளை ஊருக்கு எடுத்து வந்து அடுத்த பட்டத்தில் மறுபடி விரித்தேன். இந்த முறை விளக்கம் மூன்றே வார்த்தை: "அப்பா, இது அழுகணும்."

"இவ்ளோதானா? இத அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்க ஏன் கையி வெக்கறோம்?"

அடுத்த வருட விருதுக்கு மறுபடி விண்ணப்பித்தேன். அதே நடுவர்கள் திரும்ப வந்தார்கள். அப்பா அவர்களை வரப்பிலேயே மடக்கி, "வாங்க, வந்து பாருங்க, எப்பிடி நாசமாப் போயிருக்குதுன்னு!" என்று பெருமையோடு கூட்டிப்போய்க் காட்டினார். விருது கிடைத்தது, ஆய்வக வேலையும் கிடைத்தது. ஃப்ளெக்ஸ் வைக்கக்கூடாது என்று சித்தப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் முதல் வருட ஃப்ளெக்ஸை முழுசாக எடுக்காமலே டிராக்டரில் ரொட்டவேட்டர் மாட்டி உழுதுவிட்டார்கள். அது துண்டு துண்டாகி மண்ணுக்குள் போய்விட்டது. என் ஷீட்டில் ஒரு துணுக்குகூட இன்று அந்த வயலில் இல்லை. போன வாரம் ஆய்வகத்தில் மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பா போன் செய்தார். அவசரமோ என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன்.

"பாப்பா, இன்னிக்கு உழவு ஓட்டுனப்ப உன் மூக்கு கெடச்சுது. அப்பிடியே புதுசா இருக்குது. கழுவி, போன வருசம் கெடச்ச காதுகூட வெச்சிருக்கேன்."