ரந்தாவ் சந்திப்பில் ஒரு பைசாந்தியம்

வரலாறு படிப்பதில் தப்பே இல்லை. படித்ததை அக்கா கல்யாணத்தில் செய்து பார்ப்பதுதான் தப்பு. இதை அனுபவப்பட்டுச் சொல்ல மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

அப்போது நான் சிரம்பானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் ஃபோனில் பந்து விளையாட்டு பார்ப்பார்கள். நான் பைசாந்தியம் பார்ப்பேன். இன்றைய இஸ்தான்புல் இருக்கும் இடத்தில் கிரேக்கர்கள் எழுப்பிய பழைய நகரம் அது. ஒடுக்கமான நீரிணையின் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, கருங்கடலிலிருந்து தானியம் ஏற்றி வரும் கப்பல்களை எல்லாம் தன் கண்ணைத் தாண்டிப் போகவிடாமல் பார்த்துக்கொண்ட நகரம். அதற்கு முன்னாலேயே வந்த சிலர், இவ்வளவு நல்ல இடம் கண்ணெதிரே இருக்க, எதிர்க்கரையில் போய்க் குடியேறினார்களாம். அவர்களுக்குக் 'குருடர்கள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்தக் கதையை நான் வீட்டில் சொல்லாத நாள் இல்லை. (ஒருமுறை சாவு வீட்டிலும் சொன்னேன். அப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.)

செலின் அக்காவுக்குத் தம்பின் டவுனில் மாப்பிள்ளை. காதல்தான். இரண்டு வீட்டையும் வழிக்குக் கொண்டுவர அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. பரிசம் போட்ட அன்றைக்கே, தட்டை முதலில் தன்னிடம் நீட்டவில்லை என்று மாப்பிள்ளையின் பெரிய மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கல்யாணம் ரந்தாவ் பக்கத்தில், எங்கள் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் சின்ன மாதா கோயிலில். காலை பத்து மணிக்குப் பூசை. அது முடிந்த கையோடு ஃபாதர் லுக்குட் பக்கம் இன்னொரு பூசைக்குப் போயாக வேண்டும்.

"தம்பி, உனக்கு ஒரே ஒரு வேலைதான்" என்றாள் அக்கா. "சிம்பாங்ல நின்னு வர்ற காடியெல்லாம் உள்ள அனுப்பு. கதை சொல்லாத. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க லேட்டானா ஃபாதர் கிளம்பிடுவாருடா. அப்புறம் அந்த மாமா என்ன சொல்வாரோ, கல்யாணம் எப்ப நடக்குமோ, எனக்கே தெரியாது." சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

சிம்பாங் என்பது எங்கள் ரோட்டுச் சந்திப்பு. லுக்குட் பக்கத்துச் சாலையும் தம்பின் பக்கத்துச் சாலையும் அங்கே சேர்ந்து, ஒற்றைச் செம்மண் பாதையாகத் தோட்டத்துக்குள் நுழையும். காலையில் அங்கே போய் நின்றதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நீரிணையேதான்!

வழிகாட்ட என்னோடு நின்றவர்கள் தோட்டத்துப் பையன் கண்ணனும் அவன் கூட்டாளிகளும். ஒரு காடியை (கார்தான்) உள்ளே அனுப்புவார்கள், உடனே மோட்டார் சைக்கிளில் ஏறி ரந்தாவில் வேனில் நடக்கும் டீக்கடைக்குப் பறந்துவிடுவார்கள். எரிச்சலாக வந்தது. அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. பைசாந்தியத்தை எதிரி முற்றுகையிட்டபோது காவல் வீரர்கள் மதிலில் நிற்காமல் மதுக்கடைக்கு ஓடிக்கொண்டே இருந்தார்களாம். தளபதி அந்தக் கடைகளையே மதிலுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டான். அப்புறம் ஒருத்தனும் நகரவில்லை.

"கண்ணா, டீக்கடை வேனை இங்க ஓட்டிட்டு வரச் சொல்லு."

"கடையவேவா? பைத்தியமா லா உனக்கு?"

வேன் வந்தது. இழுத்து ஆற்றிய தேத்தாரே, வடை, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் எல்லாம் வந்தது. நான் அதோடு விட்டிருக்கலாம். (விடுவேனா?) கோயில் வாசலில் இருந்த வரவேற்பு மேசையையும் தூக்கிவந்து சந்திப்பில் போட்டேன். சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு, நாற்காலிகள் எல்லாமே என் நீரிணைக்கு வந்து சேர்ந்தன.

கண்ணன் கூட்டம் அதற்குப் பிறகு நகரவே இல்லை. நகராதது அவர்கள் மட்டுமல்ல. வந்து நின்ற ஒவ்வொரு காடியையும் பார்த்துக் கண்ணன், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டான். நம் ஆட்களிடம் அதைக் கேட்டுவிட்டு யாரையாவது அனுப்ப முடியுமா? பெரியப்பாக்கள் இறங்கினார்கள், சித்திகள் இறங்கினார்கள், வடை இறங்கியது. சாலையின் இரு பக்கமும் காடிகள் நின்றன. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

பூ சுற்றிய மாப்பிள்ளைக் காடியும் வந்தது. முதலில் இறங்கியவர் பெரிய மாமாதான். பயபக்தியோடு பன்னீர் தெளித்தேன், சந்தனம் கொடுத்தேன். மாமா சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சரி, பொண்ணு வீட்டுப் பெரியவங்கள வரச் சொல்லு. மாலை போட்டு ஆலாத்தி எடுத்து அழைச்சிட்டுப் போகட்டும்."

"மாமா, அதெல்லாம் கோயில் வாசல்ல..."

"பன்னீர் இங்க தெளிச்ச, சந்தனம் இங்க குடுத்த. ஆலாத்தி மட்டும் அங்கயா? பாதி மரியாதைய வாங்கிக்கிட்டு நாங்களா நடந்து வரணுமா? நாங்க என்ன வழிப்போக்கனுங்களா?"

நியாயம் அவர் பக்கம்தான். மாப்பிள்ளை காடிக்குள்ளிருந்து கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவுக்கு ஃபோன் அடித்தேன். கோயிலுக்குள் இருந்ததால் ஃபோனை அடைத்து வைத்திருந்தார். பைசாந்தியத்தின் இன்னொரு கதை அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. போகிற வருகிற கப்பலுக்கெல்லாம் வரி போட்டு, ரோட்ஸ் தீவுக்காரர்களோடு அவர்கள் சண்டை இழுத்துக்கொண்ட கதை. அப்பாவை ஏற்றிவரச் சொல்லிக் கண்ணனை மோட்டாரில் விரட்டினேன்.

மோட்டார் திரும்பி வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தது அப்பா இல்லை, அக்கா. வெள்ளைப் பட்டுச்சேலையின் கீழ்ப்பகுதி முழுக்கச் செம்மண். முக்காட்டு வலையைச் சுருட்டி அக்குளில் இடுக்கியிருந்தாள்.

"அக்கா, அந்தக் காலத்துல ஒரு தளபதி..."

"வாய மூடு."

என் கையிலிருந்த பன்னீர்ச் செம்பைப் பிடுங்கிக்கொண்டு நேராக மாமா முன்னால் போய் நின்றாள்.

"மாமா, நான்தான் பொண்ணு. என்னைவிட யாரு வந்து கூப்பிடணும்? ஃபாதர் கிளம்பப் போறாரு மாமா. வாங்க." குரல் உடைந்துவிட்டது. அவசரமாகத் தெளித்ததில் செம்பிலிருந்த பன்னீர் முழுவதும் மாமாவின் முகத்திலும் கோட்டிலும் கொட்டியது.

வடையைக் கடித்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். மாமா மெதுவாக முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"மருமகளே வந்து கூப்பிட்டுடுச்சு. இதுக்கு மேல என்னடா மரியாதை? எழுந்திரிங்க எல்லாரும்!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஃபாதர் பூசை உடுப்பைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். மறுபடியும் மாட்டிக்கொண்டார். கல்யாணம் நடந்தது. ஆனால் ஃபாதர் கையால் அப்பம் பெற்று நன்மை வாங்கும் நேரத்தில் பாதிப் பேர் இருக்கையைவிட்டு எழவில்லை. பாவம் இருந்தால் நன்மை வாங்கக் கூடாது; வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடவும் கூடாது அல்லவா? பூசை முடிந்ததும் ஃபாதர் வாசலில் வருத்தத்தோடு கேட்டார்: "இந்தத் தோட்டத்துல இவ்ளோ பாவம் பண்ணவங்களா?"

"பாவம் இல்ல ஃபாதர்" என்றான் கண்ணன். "வடை."

அன்றிலிருந்து எங்கள் குடும்பக் கல்யாணம் எதிலும் என்னை வாசலில் நிறுத்துவதில்லை. பந்தியில் தண்ணீர் ஊற்றுவதோடு சரி. நெடுஞ்சாலையில் டோல் வந்தால் அக்கா பிள்ளைகள், "மாமா, உங்க கடை வந்துடுச்சு, இறங்குங்க" என்பார்கள்.

போன வருஷம் அக்காவும் அத்தானும் இஸ்தான்புல் சுற்றுலா போனார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. படகிலிருந்து அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். அவள் பின்னால் நான் இத்தனை வருஷமாகக் கனவு கண்ட அதே நீரிணை. ஃபோனை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். அக்கா ஃபோனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினாள். பெரிய பெரிய கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"பாத்தியா தம்பி, ஒரு கப்பல்கூட நிக்கல, எல்லாம் ஒழுங்காப் போகுது. நீ இங்க இல்லல்ல, அதான்."